படகில் கலக்கிய தேத்தண்ணி

செய்தியில் மீனவர்களைப் பிடித்துவிட்டார்கள் என்று வந்தால் அம்மாவுக்கு இரத்தம் கொதிக்கும். இராமேசுவரத்திலிருந்து போன படகு, எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை மடக்கியது என்று செய்தி வாசிக்கிற பெண் சொல்லி முடிப்பதற்குள் சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிடுவார். இத்தனைக்கும் அம்மா தமிழ்நாட்டைப் பார்த்ததே இல்லை. மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, இதே தோட்டத்தில் கொழுந்து பறித்து, இதே தோட்டத்தில் முட்டி தேய்ந்து உட்கார்ந்தவர். கடலை எத்தனை முறை பார்த்தார் என்பதை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் அந்த மீனவர்கள் அம்மாவுக்குச் சொந்தம்.

"நாசமாப் போறவனுங்க. வல போட்டுப் பொழைக்கிறவன புடிச்சிக் கட்டி இழுத்துட்டுப் போறானுங்க. அந்த நேவிக்காரனுங்கள பெத்தவ ஒருத்தி இருப்பால்ல, அவ கேக்க மாட்டாளா?"

விடுமுறைக்கு வந்திருந்த தம்பி எதிரே உட்கார்ந்து நெத்திலிச் சம்பலைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே சொன்னான்: "கேக்குறாங்கமா. இங்கதான் உக்காந்து கேக்குறாங்க."

எனக்குப் புரையேறிவிட்டது. அம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

தம்பி கடல் அமலாக்கத்தில் சேர்ந்து அப்போது சில ஆண்டுகள் ஆகியிருந்தன. குவாந்தானில் வேலை. ரோந்துக் கப்பலில் போய், நம் நாட்டுக் கடலுக்குள் அனுமதியில்லாமல் புகுந்து மீன் அள்ளுகிற வெளிநாட்டுப் படகுகளை மடக்குவதுதான் அவன் தொழில். கிழக்குக் கரையில் அநேகமாக வியட்நாம் படகுகள். ஆட்களை லாக்கப்பில் வைப்பார்கள், மீனைப் பறிமுதல் செய்வார்கள், வழக்கு முடிந்ததும் சில படகுகளைக் கடலிலேயே மூழ்கடித்து மீன் குடியிருக்க விட்டுவிடுவார்கள். அம்மா தினமும் மாதா படத்துக்கு முன்னால் யாருக்காகச் செபமாலை சொல்கிறாரோ அவனும், தொலைக்காட்சியைப் பார்த்து யாரை நாசமாகப் போ என்கிறாரோ அவனும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். இதை நான் அன்று வாய்விட்டே சொன்னேன். எனக்கு எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாது.

"நீயும் அவனும் ஒண்ணாடா?" என்று அம்மா தம்பியைக் கேட்டார். "அவன் அடிக்கிறான். நீ அடிப்பியா?"

"அடிக்க மாட்டோம்மா. பேப்பர் கேப்போம்."

"பேப்பர் இல்லன்னா?"

"கரைக்குக் கொண்டு வருவோம்."

"அதத்தான நானும் இழுத்துட்டுப் போறதுன்னு சொல்றேன்."

தம்பி சிரித்தான். அவன் சிரித்தால் கண் காணாமல் போகும். பிறகு பொறுமையாக விளக்கினான். கடலில் கோடு எங்கே இருக்கிறது என்று அம்மா கேட்டதற்கு, "நம்ம மேல் மலையில காட்டுக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் எங்கமா கோடு இருக்கு? சத்தமில்லாம ஏறிக்கிட்டே போறாங்க. காடு போச்சு. அப்புறம் மழை பெஞ்சா கீழ லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்குக்கு மண்ணு இறங்குது. அதே கததான் அங்கயும்" என்றான். இழுவை வலையைப் போட்டுத் தரையோடு அரித்துக்கொண்டு போகிறார்கள், விரல் நீளம்கூட இல்லாத குஞ்சு மீனெல்லாம் போகிறது, நம் ஊர் மீனவன் சின்னப் படகோடு வெறுங்கையாகத் திரும்புகிறான் என்றான். சில படகுகளில் நம் ஊர்ப் பதிவு எண்ணையே எழுதி ஒட்டியிருப்பார்களாம். பெயருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்த உள்ளூர் முதலாளி கரையில் கால் நீட்டிக்கொண்டு இருப்பானாம். "அவன யாரும் புடிக்கிறது இல்லையா?" என்று கேட்டேன். "அவனுக்குக் கடல் காத்து ஒத்துக்காதுக்கா, வெளிய வரமாட்டான்" என்றான்.

அம்மாவுக்கு இதெல்லாம் பாதி காதிலும் பாதி வெளியிலும். கடைசியில், "யாரா இருந்தாலும் சோறு போட்டுக் கூட்டிட்டு வா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு டிவியை அணைத்தார்.

ஒவ்வொரு முறை தம்பி வேலைக்குத் திரும்பும்போதும் ஒரு பால்மாவு டின் நிறையத் தேயிலைத் தூள் கொண்டு போவான். எங்கள் தோட்டத்துத் தூள். நான் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். தொழிலாளர்களுக்குக் கொடுக்கிற தூளில் எங்கள் வீட்டுப் பங்கு முழுக்க அவன் டின்னுக்குத்தான் போகும். மூடியில் அம்மா ஆணியால் ஒரு சிலுவை கீறியிருந்தார். அரிசி டின், உப்பு டின், தூள் டின் எல்லாவற்றிலும் அம்மா அப்படிக் கீறுவது வழக்கம். குறையாமல் இருக்கவாம்.

அந்தத் தூளுக்குக் கப்பலில் ஒரு இரசிகன் இருந்தான். தம்பியின் கூட்டாளி, திரெங்கானு பக்கத்து மலாய்ப் பிள்ளை. இருவரும் ஒரே குழு. ஒரு கிறிஸ்துமஸுக்கு அவனும் அவன் மனைவியும் மலைக்கு வந்தார்கள். அம்மா அதற்காகத் தானா ராத்தா டவுனுக்குப் போய்ப் புதுக் கேத்தல், புதுச் சட்டி, புதுக் கோப்பைகள் வாங்கி, கடையிலிருந்து ஹலால் கோழியும் வாங்கிவந்து, பன்றிக்கறி பட்ட பழைய பாத்திரம் எதுவும் அடுப்புப் பக்கம் வராமல் காவல் நின்றார். அந்தப் பிள்ளை தேத்தண்ணியை மூன்று முறை கேட்டு வாங்கிக் குடித்தான். அவர்கள் போனபின் அம்மா அந்தக் கோப்பைகளைக் கழுவி, துணி சுற்றி, அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். வேறு யாருக்கும் அவை இறங்கக் கூடாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தோட்டத்தில் மழைக்கு ஒரு சட்டம் உண்டு. மழை பிடித்துக்கொண்டால் எந்தக் கூரைக்கு அடியில் யார் ஒதுங்கியிருந்தாலும், அங்கே கலக்குகிற தேத்தண்ணியில் அவருக்கும் ஒரு கோப்பை. யார், எங்கிருந்து வந்தாய் என்பதெல்லாம் குடித்த பிறகு. இந்தக் குளிரில் நனைந்துகொண்டு நிற்பவனிடம் கேள்வி கேட்டால் பல்தான் பதில் சொல்லும். ஒருமுறை ஸ்டோரில் உரம் திருடியவனைப் பிடித்து ஆபீஸ் வராந்தாவில் உட்கார வைத்திருந்தார்கள். போலீஸ் வண்டி மண் சரிவில் மாட்டிக்கொண்டு வருவதற்குள் அவனுக்கு இரண்டு தடவை தேத்தண்ணி கொடுத்தாயிற்று. இரண்டாவது தடவை சீனி பத்தவில்லை என்றான். ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி முணுமுணுத்துக்கொண்டே சீனி போட்டுக் கொடுத்தார். நாங்கள் வளர்ந்தது அப்படி.

வடகிழக்குப் பருவ மழை தொடங்கியிருந்த ஒரு மாதத்தில், வேலை முடிகிற நேரத்துக்குக் கிராணி பேக்கிங் பிரிவுக்குள் வந்தார். அவர் உள்ளே வரவே மாட்டார். என்னைப் பார்த்ததும் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். பேசியது தம்பியின் மேலதிகாரி. தம்பி உயிரோடு இருக்கிறான், குவாந்தான் மருத்துவமனையில் இருக்கிறான் என்றார். முதலில் அதைச் சொன்ன அந்த மனிதருக்குப் புண்ணியம். கூட்டாளியைப் பற்றிக் கேட்டேன். இன்னும் தேடுகிறோம் என்றார்.

மறுநாள் உள்ளூர் மீனவர்கள்தான் அவன் உடலைக் கண்டெடுத்தார்கள்.

நடந்ததைத் தம்பி கட்டிலில் சாய்ந்துகொண்டு எனக்குச் சொன்னான். உப்புத் தண்ணீர் குடித்து அவன் தொண்டை கிழிந்திருந்தது. நான் குனிந்து கேட்டேன்.

ஒரு வியட்நாம் படகை மடக்கியிருந்தார்கள். பேப்பர் இல்லை, எண் பொய். கடல் ஏறிக்கொண்டிருந்ததால் அதிலிருந்தவர்களைக் கப்பலுக்கு மாற்ற முடியவில்லை. அதனால் தம்பியும் கூட்டாளியும் அந்தப் படகில் ஏறிக்கொண்டார்கள். ரோந்துக் கப்பலுக்குப் பின்னாலேயே படகைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். ஓட்டுகிறவனைத் தவிர மற்றவர்கள் முன்பக்கம் குந்தி உட்கார வேண்டும், யாரும் எழக்கூடாது, யாரும் கீழே இறங்கக்கூடாது. விதி அதுதான். தம்பிக்கு அது மனப்பாடம்.

கொஞ்ச தூரத்தில் மழை கொட்ட ஆரம்பித்தது. முன்னால் போன கப்பல் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. குந்தி இருந்தவர்கள் நடுங்கினார்கள். அவர்களில் ஒருவன் வயதில் மூத்தவன், அந்தப் படகின் சமையல்காரன். கழுத்தில் மாதா பதக்கம் போட்டிருந்தான். தம்பியின் பைக்குள் டின் இருந்தது. டின்னை எடுத்துக் காட்டி, தண்ணீர் கொதிக்க வைக்கச் சொல்லி, அவனைக் கீழே இருந்த அடுப்புக்கு அனுப்பினான்.

"ஏன்டா?" என்று கேட்டேன். கேட்கத் தேவையில்லை. இருந்தாலும் கேட்டேன்.

"மழ பெஞ்சிச்சிக்கா" என்றான்.

கூட்டாளியும் வேண்டாம் என்று சொல்லவில்லையாம். அவனுக்கும் குளிர். அந்தச் சமையல்காரன் மூடியில் இருந்த சிலுவையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, தன் பதக்கத்தைத் தொட்டுக் காட்டிச் சிரித்தானாம். பிறகு பெரிய கெண்டியில் கலக்கி எடுத்துக்கொண்டு மேலே வந்தான். கோப்பையை வாங்க ஒவ்வொருவராக எழுந்தார்கள். எழுந்தவர்கள் மறுபடி உட்காரவில்லை. துப்பாக்கி இருந்ததே என்று என்னிடம் பிறகு நிறையப் பேர் கேட்டார்கள். இருந்தது. கையில் கோப்பையும் இருந்தது.

இருவரையும் தூக்கிக் கடலில் போட்டுவிட்டு, படகைத் திருப்பிக்கொண்டு மழைக்குள் ஓடிவிட்டார்கள். ஆட்கள் தண்ணீரில் விழுந்தால் கப்பல் துரத்தாது, நின்று தேடும். அது அவர்களுக்குத் தெரியும். இழுபறியில் தம்பியின் லைஃப் ஜாக்கெட் வார் அறுந்து போயிருந்தது. அவன் ஒருமுறை மூழ்கி மேலே வந்தபோது, படகின் ஓரத்தில் அந்தச் சமையல்காரன் நின்று, டீசல் ஊற்றி வைக்கிற நீலத் தோங் ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கி அவன் பக்கமாக எறிந்தான். காலித் தோங், மூடி இறுக்கிய பிளாஸ்டிக் டிரம். அதைக் கட்டிக்கொண்டு மிதந்துதான் தம்பி பிழைத்தான். கூட்டாளி எந்தப் பக்கம் விழுந்தான் என்று அவன் பார்க்கவில்லை. தலையில் அடி பட்டிருந்தது என்று பிறகு டாக்டர் சொன்னார்.

"அவனுக்கு முன்னாலயே தெரியுமாடா? சமையல்காரனுக்கு?"

"தெரியலக்கா. தெரிஞ்சிருந்தா ஏன் தோங் போடணும்? தெரியலன்னா ஏன் என்னைய பாத்து அழுதான்?"

கூட்டாளியை அடக்கம் செய்தபோது தம்பி மருத்துவமனையிலேயே இருந்தான். நான் போனேன். அவன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரிந்த மலாய் எல்லாம் பேரம் பேசவும் பஸ் பிடிக்கவும்தான் உதவும். அவள்தான், "உங்கள் அம்மா தேநீர் போட்டுக் கொடுத்தார்களே" என்று மலாயில் சொல்லிவிட்டு உடைந்து அழுதாள்.

விசாரணையில் தம்பி ஒன்றையும் மறைக்கவில்லை. நான்தான் கீழே அனுப்பினேன் என்று சொல்லிவிட்டான். தண்டனையாகக் கடலிலிருந்து இறக்கி, கரையில் போட்டார்கள். படகுத்துறையில் பிடித்துக் கட்டி வைத்திருக்கிற படகுகளுக்குக் காவல். அதில் அவனுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. விடுமுறைக்கு வந்தால் வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எதிர்ச் சரிவில் மிஷின் போட்டுக் கொழுந்து வெட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பான். அம்மா தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தால் ஆறிப்போகும். நான் கத்துவேன். ஆறினதை எடுத்துக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைப்பான். எனக்கு அந்தப் பணிவைப் பார்த்தால்தான் பயமாக இருந்தது.

என் கோபமெல்லாம் அந்தப் படகின் மேல்தான். எவனாவது ஒருவன் பதில் சொல்ல வேண்டும். புதுக் கோப்பைகளை மேல்தட்டில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. இவனுக்கு எரியவில்லையே என்று அதற்கும் சேர்த்து எரிந்தது.

அடுத்த ஆண்டு பருவ மழைக்குச் சற்று முன்பு குவாந்தானிலிருந்து போன் வந்தது. வேறொரு வியட்நாம் படகைப் பிடித்திருக்கிறார்கள். வேறு படகு, வேறு ஆட்கள், வேறு பொய் எண். ஆனால் அதன் அடுப்படியில் ஒரு பால்மாவு டின் இருந்தது. மூடியில் ஆணியால் கீறிய சிலுவை. உள்ளே உப்பு வைத்திருந்தார்களாம். தம்பி விசாரணையில் டின்னைப் பற்றிச் சொல்லியிருந்ததால் ஒருவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. வந்து பார், அந்தப் படகில் உள்ளவர்களில் உனக்குத் தெரிந்தவன் இருக்கிறானா என்று பார் என்றார்கள்.

அம்மா என்னையும் கூடப் போகச் சொன்னார். மலையை விட்டு இறங்கி லிப்பிஸ் வழியாகப் போனோம். நான்தான் காடியை ஓட்டினேன். வழியில் ஒரு கடையில் பசியாற நிறுத்தியபோது சொன்னேன்.

"ஒருத்தனாச்சும் மாட்டுனானே. பாத்தத அப்படியே சொல்லு, போதும்."

"பாத்தத சொல்லுவேன்க்கா" என்றான். முகம் கொஞ்சம் தெளிவாக இருந்தது. "அவரா இருந்தா, தோங் போட்டத சொல்லணும். அன்னைக்கி நன்றி சொல்ல முடியல."

நான் ரொட்டிச் சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அவன் சொன்னதை அப்போது ஒரு நல்ல பிள்ளையின் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அங்கே ஒரு சின்ன அறை. மேசைக்குப் பின்னால் விசாரணை அதிகாரி, பக்கத்தில் வியட்நாம் மொழி தெரிந்த ஒரு பெண். தம்பி கேட்டுக்கொண்டதால் என்னைச் சுவரோரமாக உட்கார அனுமதித்தார்கள். அதிகாரி மரியாதையான மனிதர். முதலில் விஷயத்தைச் சொன்னார். டின் யாருடையது என்று கேட்டபோது இந்தப் படகின் சமையல்காரன் தன்னுடையது என்றானாம். அதைச் சந்தையில் வாங்கினதாகச் சொல்கிறானாம். இதற்கு முன் மலேசியக் கடலுக்கே வந்ததில்லை என்கிறானாம். அது உண்மையானால் இது சாதாரண மீன்பிடி வழக்கு, மற்றவர்களைப் போல இவனும் கொஞ்ச நாள் உள்ளே இருந்துவிட்டு ஊருக்கு அனுப்பப்படுவான். டின்னை வைத்து மட்டும் வேறெதுவும் நிரூபிக்க முடியாது.

அவனைக் கூட்டிவந்தார்கள். நான் ஓர் அரக்கனை எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. வந்தவர் எங்கள் லயத்தில் தண்ணீர்க் குழாய் பார்க்க வருகிற ஆள் மாதிரி இருந்தார். மெலிந்த கால், பெரிய பாதம், யாரோ கொடுத்த பெரிய சட்டை. கழுத்தில் பதக்கம். தம்பியைப் பார்த்ததும் கண் ஒரு நொடி நிலைத்தது, உடனே தரைக்குப் போய்விட்டது.

"இவரைத் தெரியுமா?" என்று அதிகாரி கேட்டார்.

"தெரியும் சார்" என்றான் தம்பி. அவனுக்கு மலாய் தண்ணீர் மாதிரி வரும். குரலில் அப்படி ஒரு அவசரம். ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்தது வெளியே வருகிற அவசரம். "இவர்தான் எனக்குத் தோங் எறிந்தவர். இவர் எறியாவிட்டால் நான் செத்திருப்பேன். தயவுசெய்து அதை எழுதிக்கொள்ளுங்கள்." சொல்லிக்கொண்டே இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, எறிவதைப் போலச் செய்து காட்டினான்.

மொழிபெயர்க்கிற பெண் வாயைத் திறப்பதற்குள் அந்த மனிதர் நிமிர்ந்தார். தம்பி தன்னைப் பற்றி நல்லதாகத்தான் சொல்கிறான் என்பது அவருக்கு மொழி இல்லாமலே புரிந்துவிட்டது. முகம் மலர்ந்துவிட்டது. வேகமாகத் தலையாட்டினார். அவரும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, அதே மாதிரி எறிந்து காட்டினார். ஆமாம், நான்தான், நான்தான் போட்டேன் என்கிற மாதிரி.

அதிகாரியின் பேனா நின்றது.

அறையில் அதிகாரிக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது என்று நினைக்கிறேன். தம்பிக்கு அதற்குப் பிறகு. அதிகாரி சொன்னதை அந்தப் பெண் மெதுவாக வியட்நாம் மொழியில் சொன்னாள்: அப்படியானால் அன்று அந்தப் படகில் இருந்திருக்கிறீர்கள். அவர் கைகள் இன்னும் பாதி தூக்கியபடியே இருந்தன. இறக்க மறந்துவிட்டார்.

"இல்ல சார். இவர் ஒண்ணும் பண்ணல. நான்தான் தண்ணி கலக்கச் சொன்னேன்." தம்பி பதற்றத்தில் தமிழில் பேசினான். பிறகு மலாயில் அதையே மறுபடி மறுபடி சொன்னான். அதிகாரி எல்லாவற்றையும் எழுதினார். ஒரு வரி விடவில்லை. நீதிமன்றத்திலும் இதைச் சொல்லுங்கள், அவருக்கு உதவும் என்றார். அவர்மேல் நான் குறை சொல்ல மாட்டேன். ஓர் அமலாக்க அதிகாரி செத்திருக்கிறார். அந்தப் படகில் இருந்தவர்களில் கையில் கிடைத்தது இவர் ஒருவர்தான். இவரை எப்படி விடுவார்?

வெளியே அழைத்துப் போகும்போது அந்த மனிதர் தம்பியின் முன்னால் நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தம்பியின் தோளை, கையை, தலையை ஒரு பார்வை பார்த்தார். காயம் ஆறிவிட்டதா என்று பார்க்கிற பார்வை. அவ்வளவுதான், போய்விட்டார்.

காடியில் உட்கார்ந்ததும் தம்பி, "அக்கா, நான் தெரியாதுன்னு சொல்லிருக்கணும்" என்றான்.

பொய் சொல்லச் சொல்லி நாங்கள் வளரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பாதியில் விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

வழக்கு நீண்ட நாள் நடந்தது. தம்பி சாட்சிக் கூண்டில் ஏறித் தேத்தண்ணி, தோங் இரண்டையும் சொன்னான். அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கு அதில் வேண்டியது ஒரு வார்த்தைதான், இவர் இருந்தார் என்பது. தேத்தண்ணியே அவர்கள் போட்ட திட்டம்தான் என்று அவர் வாதாடினார். அவர்கள் இல்லை, நான்தான் கொதிக்க வைக்கச் சொன்னேன் என்று தம்பி கத்தினான். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று நீதிபதி கண்டித்தார். தோங் எறிந்ததைக் கருணையோடு பார்த்தோம் என்று தீர்ப்பில் இருந்ததாம். கருணையோடு பார்த்தும் மிக நீண்ட சிறை. வெளியே வரும்போது அந்த மனிதர் உயிரோடு இருந்தால் கிழவராக இருப்பார்.

தீர்ப்பு முடிந்து வாசலில் நின்றபோது கூட்டாளியின் மனைவி வந்தாள். தம்பியைப் பார்த்து, "நீ மட்டும் அடையாளம் காட்டாமல் இருந்தால் என் புருஷனுக்கு யாருமே பதில் சொல்லியிருக்க மாட்டார்கள்" என்று சொல்லி, நன்றி என்றாள். மனதாரத்தான் சொன்னாள். அவள் இழப்பு பெரியது, அவள் சொன்னதில் தப்பே இல்லை. தம்பி தலை குனிந்து அந்த நன்றியை வாங்கிக்கொண்டான். எவனாவது பதில் சொல்ல வேண்டும் என்று எரிந்தவள் நான். பதில் கிடைத்துவிட்டது.

டின் சான்றுப் பொருளாக அங்கேயே இருக்கிறது. புதிதாக ஒன்று வாங்கித் தூள் போட்டு வைத்தேன். தம்பி எடுத்துப் போவதில்லை. அம்மா அதன் மூடியில் எதுவும் கீறவும் இல்லை. தம்பி இப்போதும் அதே படகுத்துறையில்தான் காவல். வரிசையாகக் கட்டிக்கிடக்கிற வெளிநாட்டுப் படகுகள், அவற்றில் காய்கிற யாருடைய சட்டைகளோ, யாருடைய செருப்புகளோ. சிறைக்கு ஒருமுறை போய்ப் பார்க்க முயன்றானாம். அந்த மனிதர் பார்க்க விரும்பவில்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

போன மாதம் விடுமுறையில் வந்திருந்தான். வெளியே மழை. சரிவில் வேலை செய்கிற பங்களாதேஷ் ஆட்கள் நாலைந்து பேர் எங்கள் தாழ்வாரத்தில் ஒதுங்கியிருந்தார்கள். அம்மா அவர்களுக்கும் சேர்த்துத் தண்ணி கலக்கிக் கொண்டிருந்தார். டிவியில் செய்தி. இராமேசுவரம் படகு, எல்லை, கடற்படை, பிடித்துப் போனார்கள். குந்தி உட்கார்ந்திருக்கிற மீனவர்களைக் காட்டினார்கள்.

அம்மா திட்டுவதற்கு வாயைத் திறந்தார். எதிரே உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தார். திட்டவில்லை. கெண்டியைக் கையில் வைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"இவங்கள விட்டுருவாங்களாடா?"

தம்பி டிவியைப் பார்த்தபடியே இருந்தான்.

"விட்டுருவாங்கமா. அவங்களப் பத்தி யாரும் நல்லதா எதுவும் சொல்லாம இருந்தா."